நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கதையின் அடிப்படைகளை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கும் ஆசிரியை ஒருவரின் கேள்வி இது: “கதைமாந்தர், களம், கதைப்பின்னல், முரண், மையக்கருத்து என்று ஐந்தையும் கரும்பலகையில் எழுதி விளக்கினேன். கேட்டால் மாணவர்கள் அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கிறார்கள். கதை எழுதச் சொன்னால் மட்டும் நாற்பது பேரும் ஒரே கதையை எழுதுகிறார்கள். ஓர் ஊர், ஒரு நல்லவன், ஒரு கெட்டவன், கடைசியில் ஒரு நீதி. என்ன செய்வது?”

பாடம் தொடங்கிய இடத்தைத்தான் மாற்ற வேண்டும். பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் வகுப்புக்குள் வரும்போதே பாட்டி சொன்ன கதை, தெருமுனைப் பேய்க்கதை, தொலைக்காட்சித் தொடர், திரைப்படம் என ஏகப்பட்ட கதைகளோடுதான் வருகிறார்கள். கதை எப்படி நடக்கும் என்பது அவர்கள் காதுக்குத் தெரியும். அதற்குப் பெயர்தான் தெரியாது. பெயரை முதலில் கொடுத்துவிட்டால் பெயருக்கு விளக்கம் எழுதுவார்களே தவிர, கதை எழுத மாட்டார்கள். தெரிந்த கதையைப் பிரித்துப் பார்க்கட்டும். பெயர்கள் பிறகு வரட்டும்.

ஐந்தில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் முரணை எடுப்பேன். அதையும் முரண் என்று சொல்ல மாட்டேன். யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது? இந்த இரண்டு கேள்விகள் போதும். மற்ற நான்கும் இவற்றைப் பிடித்துக்கொண்டு தானாக வந்து சேரும்.

முதல் பாடத்துக்குக் காக்கை வடை தூக்கிய கதையை எடுத்துக்கொள்ளுங்கள். “இது எங்களுக்கு ஒன்றாம் வகுப்பிலேயே தெரியும்” என்று வகுப்பு சிரிக்கும். சிரிக்கட்டும். தெரிந்த கதை என்பதால் அடுத்து என்ன என்று யாரும் கவலைப்பட மாட்டார்கள், கவனம் முழுவதும் கதையின் அமைப்பு மேல் போகும். முதல் கேள்வி: இது யாருடைய கதை? பெரும்பாலும் காக்கை என்பார்கள். காக்கை கொஞ்சம் காத்திருக்கட்டும், முதலில் நரியைக் கேளுங்கள். நரிக்கு என்ன வேண்டும்? வடை. எது தடுக்கிறது? இங்கேதான் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும். “காக்கை” என்று முதலில் பதில் வரும். இன்னும் கேட்டால் யாராவது ஒருவர் “மரம்” என்பார். நரிக்கு மரம் ஏறத் தெரியாது, காக்கைக்குச் சிறகு இருக்கிறது, வடை உச்சிக்கிளையில். நரிக்கு மரம் ஏறத் தெரிந்திருந்தால்? கதையே இல்லை என்று வகுப்பே சொல்லும். தடை இல்லாவிட்டால் கதை இல்லை என்பதை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, அவர்களே சொல்லிவிடுவார்கள்.

பிறகு காக்கைக்குத் திரும்புங்கள். காக்கைக்கு என்ன வேண்டும்? வடை தின்ன வேண்டும். அது மட்டுமா? தன் பாட்டை யாராவது பாராட்டவும் வேண்டும். இரண்டு ஆசைகள், ஒரே வாய். இரண்டாவது ஆசைக்காக வாயைத் திறந்ததில் முதல் ஆசை கீழே விழுகிறது. நரிக்குத் தடை வெளியே, மரத்தில் இருக்கிறது. காக்கைக்கோ தனக்குள்ளேயே இருக்கிறது. வெளி முரண், உள் முரண் என்ற பெயர்களைக் கரும்பலகையில் எழுத வேண்டிய நேரம் இதுதான். பாட்டியைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். பாதிக் கதைக்கு மேல் பாட்டியைக் காணவில்லை என்பதை எப்போதும் ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும். பாட்டிக்கு என்ன வேண்டும், காக்கை பறந்த பிறகு அவள் என்ன செய்தாள் என்று கேட்டால் அன்றைய வீட்டுப்பாடமும் தயார்.

அடுத்த வகுப்பில் சொந்தக் கதை. இந்த வயதில் எல்லோரும் உலகத்தைக் காப்பாற்றத்தான் எழுதுவார்கள், இல்லாவிட்டால் மாவட்ட ஆட்சியர் ஆவார்கள். தடுக்க வேண்டாம், ஆனால் முதல் கதைக்கு ஒரு நிபந்தனை வையுங்கள்: ஒரே நாளில் நிறைவேறக்கூடிய சின்ன ஆசையாக இருக்க வேண்டும். பஸ்ஸில் ஜன்னல் ஓர இருக்கை. அக்காவின் சைக்கிள். வகுப்பு முன்னால் ஒருமுறை பாட வேண்டும். ஆசை சிறியதாக இருந்தால் தடை கண்ணுக்குத் தெரியும், பிள்ளைகளுக்கு அந்தத் தடையைப் பற்றி நிஜமாகவே தெரிந்தும் இருக்கும்.

நான் வகுப்புகளில் அடிக்கடி பயன்படுத்தும் ஒரு விதையைச் சொல்கிறேன். பள்ளியில் வேப்பமரத்தில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்குகிறது, அதுதான் மணி. ஆறாம் வகுப்பு மாரிக்கு அதை ஒரே ஒருமுறை அடிக்க வேண்டும். காலையில் முதலில் வருகிற மாணவருக்குத்தான் அந்த வாய்ப்பு. மாரியின் வீடோ ஊர்க்கோடியில். இவ்வளவு கொடுத்துவிட்டு மற்றதை வகுப்பிடம் விட்டுவிடுங்கள்.

பெரும்பாலான பிள்ளைகள் முதலில் இப்படி எழுதுவார்கள்: “மாரி காலையில் எழுந்தான். பிறகு பல் துலக்கினான். பிறகு சாப்பிட்டான். பிறகு பள்ளிக்குப் போனான். பிறகு மணி அடித்தான்.” இது கால அட்டவணை. இதைக் கதைப்பின்னலாக மாற்ற இலக்கண விளக்கம் எதுவும் வேண்டாம், சிவப்பு மை இருந்தால் போதும். அவரவர் எழுதியதில் ‘பிறகு’, ‘அப்புறம்’ வருகிற இடங்களை எல்லாம் அவர்களையே வட்டமிடச் சொல்லுங்கள். அந்த இடத்தில் ‘அதனால்’ அல்லது ‘ஆனால்’ போட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடியவில்லை என்றால் அந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பில்லை. ஒன்றை வெட்டலாம், அல்லது தொடர்பை உண்டாக்கலாம். அதே கதை இப்படி மாறும்: மாரிக்கு மணி அடிக்க ஆசை. ஆனால் முதலில் வருபவர்தான் அடிக்கலாம். அதனால் கோழி கூவும் முன்பே எழுந்தான். ஆனால் அன்றைக்குப் பார்த்து அப்பாவுக்குக் காய்ச்சல், பால் சொசைட்டிக்கு அவன்தான் போக வேண்டும். அதனால் பால் தூக்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினான். ஆனால்...

அந்தக் கடைசி ‘ஆனால்’ வந்ததும் வகுப்பில் கைகள் உயரும். பால் கொட்டிவிட்டது என்பான் ஒருவன். சொசைட்டியில் வரிசை நீளம் என்பாள் இன்னொருத்தி. இரண்டுமே சரிதான். ஒரு பின்விளைவும் உண்டு. இந்தப் பயிற்சிக்குப் பிறகு எல்லா வாக்கியமும் ‘அதனால்’ என்றே தொடங்கும். முதல் வரைவில் அதைத் திருத்த வேண்டாம். திருத்தி மறுபடி எழுதும்போது அந்தச் சொற்களில் பாதியை எடுத்துவிடச் சொன்னால் போதும், தொடர்பு மட்டும் உள்ளே தங்கிவிடும்.

இதே தர்க்கத்தை வாக்கியத் தொடக்கங்களாகக் கொடுக்கும் முறையும் இருக்கிறது. அமெரிக்க நாடகக்காரர் கென் ஆடம்ஸ் வகுத்தது அது. தமிழில் “ஓர் ஊரில்... தினமும்... ஒருநாள்... அதனால்... அதனால்... கடைசியில்...” என்று ஆக்கிக்கொள்ளலாம். ஆறாம் வகுப்புக்கு நன்றாக வேலை செய்யும். எட்டாம் வகுப்பில் கொடுத்தால் படிவம் நிரப்புவது போல நிரப்பிவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

காரண காரியத்துக்கு நம்மிடம் உள்ள மிகச் சிறந்த பாடநூல் அத்திரிபாச்சா கதை. மாமியார் வீட்டில் கொழுக்கட்டை சாப்பிட்டவன், பெயர் மறந்துவிடாமலிருக்க “கொழுக்கட்டை, கொழுக்கட்டை” என்று சொல்லிக்கொண்டே வருகிறான். வழியில் ஒரு வாய்க்கால். “அத்திரிபாச்சா” என்று தாண்டுகிறான். அதோடு கொழுக்கட்டை போய் அத்திரிபாச்சா வாயில் ஒட்டிக்கொள்கிறது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் அத்திரிபாச்சா செய்து தரச் சொல்கிறான். அவளுக்கு அப்படி ஒரு பலகாரமே தெரியாது. ஒவ்வொரு நிகழ்ச்சியும் முந்தியதிலிருந்து பிறக்கிறது. ஒன்றை எடுத்தால் அடுத்தது நிற்காது.

வழக்கமான முடிவில் அவன் மனைவியை அடிப்பான், பக்கத்து வீட்டுக்காரி வந்து “முகம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டதே” என்பாள், சொல் திரும்ப வந்துவிடும். இதை இன்றைய வகுப்பில் சிரித்துக்கொண்டே சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் ஒளித்துவைப்பதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. அந்த முடிவையும் சொல்லிவிட்டு, யாரையும் அடிக்காமல் அந்தச் சொல்லைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று வேலை கொடுங்கள். முதலில் கடவுள் வந்து சொல்வார், கனவில் தெரியும், கைப்பேசியில் தேடுவான் என்றெல்லாம் பதில்கள் வரும். எல்லாமே கதைக்கு வெளியிலிருந்து வருபவை. கதைக்குள் ஏற்கெனவே இருக்கும் பொருளைக் கொண்டே முடிக்க வேண்டும் என்று விதி வைத்ததும் வகுப்பு யோசிக்க ஆரம்பிக்கும். ஒரு மாணவி சொன்ன முடிவு எனக்கு இன்னும் பிடிக்கும்: வாய்க்கால் தாண்டியபோது அவன் சரியாகத் தாண்டவில்லை, முழங்காலில் அடி. வீட்டில் அவன் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது மனைவி அவன் காலைப் பார்த்து, “முதலில் முழங்காலைப் பாருங்கள், கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருக்கிறது” என்கிறாள். சொல்லைத் தொலைத்த வாய்க்காலே சொல்லைத் திருப்பித் தருகிறது. கதை முடிவு பற்றி எந்தப் பாடப்புத்தகமும் இதைவிட நன்றாக விளக்கிவிட முடியாது.

எட்டாம் வகுப்பாக இருந்தால் இந்த இடத்தில் சிலப்பதிகாரத்தைத் தொடலாம். பாண்டியன் அவையில் வழக்கு தீர்வது எதனால்? அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்ததும் தீர்ப்பு வெளியே வந்து விழுகிறது. அந்தச் சிலம்பு மதுரையில் திடீரென்று முளைத்தது அல்ல, புகாரில் கண்ணகி அதைக் கோவலனிடம் எடுத்துக்கொடுக்க முன்வந்த நாளிலிருந்து கதையோடு நடந்து வருகிறது.

கதை வளைவு என்று ஒரு மலையை வரைந்து, தொடக்கம், ஏறுமுகம், உச்சம், இறங்குமுகம், முடிவு என்று குறிக்கும் படத்தைப் பல பயிற்சிகளில் பார்த்திருப்பீர்கள். ஜெர்மானியரான குஸ்தாவ் ஃப்ரைடாக் 1863இல் ஐந்து அங்க நாடகங்களை விளக்க வகுத்தது அது. ஒரு பக்கக் கதைக்கு ஐந்து அங்கம் பிடிக்காது. உச்சம் வந்த இரண்டு மூன்று வரியில் கதை முடிந்துவிட வேண்டும். மலையை வரைவதற்குப் பதிலாக நான் இடைவேளையைப் பயன்படுத்துகிறேன். தமிழ்த் திரைப்படம் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இடைவேளைக்கு முந்தைய காட்சி என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதுவரை நினைத்திருந்தது தலைகீழாகும், இனிப் பழைய மாதிரி இருக்க முடியாது. “உன் கதைக்கு இடைவேளை விடு” என்றால் எந்த வரியில் கோடு போட வேண்டும் என்று தேடுவார்கள். கோடு போட இடமே இல்லாத கதையில் திருப்பம் இல்லை என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். திரைப்படக் கதைகளை வகுப்பில் தடைசெய்யும் ஆசிரியர்கள் கையில் இருக்கும் நல்ல கருவியைத் தூக்கிப் போடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

இனிக் கதைமாந்தர். “முருகன் மிகவும் நல்லவன், எல்லோருக்கும் உதவுவான்” என்ற வரி எல்லா நோட்டிலும் இருக்கும். அதை அடிக்காதீர்கள். பக்கத்தில் ஒரு கேள்வி எழுதுங்கள்: மதிய உணவில் முட்டை போட்டதும் முருகன் என்ன செய்வான்? சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு இதற்குப் பதில் சொல்ல ஒரு நொடி ஆகாது. ஒருவன் முதலிலேயே விழுங்கிவிடுவான். ஒருவன் வெள்ளையைத் தின்றுவிட்டு மஞ்சளைக் கடைசி வாய்க்கு வைப்பான். ஒருத்தி தட்டின் ஓரத்தில் ஒதுக்கி, யாரும் பார்க்காதபோது காகிதத்தில் சுற்றித் தங்கைக்கு எடுத்துப் போவாள். இன்னொருவன் பென்சிலுக்கு மாற்றிக்கொள்வான். இந்த நான்கு பேரில் யாரையும் ‘நல்லவன்’, ‘கெட்டவன்’ என்று சொல்லத் தேவையில்லை. யார் யார் எப்படிப்பட்டவர் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிட்டது. இதைச் செய்த பிறகு “குணத்தைச் சொல்லாதே, செயலைக் காட்டு” என்று எழுதிப்போட்டால் அந்த வரிக்கு ஓர் அர்த்தம் இருக்கும்.

களம் கற்பிக்க நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய முறை கைவசம் இருக்கும்போது “எங்கே? எப்போது?” என்று இரண்டு கேள்வியோடு நிறுத்திவிடுவது நியாயமில்லை. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. அந்த நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவற்றைக் கருப்பொருள் என்று அடுக்கிவிட்டு, அவ்வகை பிறவும் என்று கதவைத் திறந்தும் வைக்கிறது. மனத்தில் நடப்பது உரிப்பொருள். இதை அப்படியே ஓர் அட்டவணையாக்கி, அவரவர் தெருவுக்கு நிரப்பச் சொல்லுங்கள். தூத்துக்குடிப் பிள்ளை தொழில் கட்டத்தில் உப்பளம் எழுதும், திருப்பூர்ப் பிள்ளை பனியன் கம்பெனி எழுதும். நீலகிரியில் விலங்குக் கட்டத்தில் காட்டெருமை வரும். பறைக்கு கோயில் ஒலிபெருக்கி, பழைய மில் சங்கு. யாழுக்குப் பக்கத்து வீட்டு அண்ணனின் கைப்பேசி அழைப்பொலி. அவ்வகை பிறவும்தானே!

நிரப்புவதைவிட முக்கியமான வேலை அதற்குப் பிறகுதான். பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் கதைக்குள் கொட்டினால் அது வருணனைக் கட்டுரை. ஆசையோடோ தடையோடோ உரசுகிற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிட வேண்டும். மாரி பால் தூக்கோடு ஓடும் கதைக்கு வைகறைப் பொழுது வேண்டும், தெருநாய் வேண்டும். மாமரம் வேண்டாம். முல்லைக்கு மாலைப் பொழுது, காத்திருக்கும் மனம். பாலைக்கு நண்பகல், பிரிவு. பொழுதுக்கும் உணர்ச்சிக்கும் இடையே இப்படி ஒரு பொருத்தம் உண்டு என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டினால், செய்யுள் பகுதியில் ஐந்திணை வரும்போது உங்கள் வேலையும் குறையும்.

உரையாடலைப் பற்றி ஒன்றே ஒன்று. நம் பிள்ளைகள் எழுதும் கதைகளில் பாட்டிகள்கூட வானொலிச் செய்தி வாசிப்பது போலப் பேசுவார்கள். கதையை எழுத்துத் தமிழிலும், பேச்சை அவர்கள் வீட்டில் பேசுகிற தமிழிலும் எழுத விடுங்கள். நாகர்கோவில் பேச்சு நாகர்கோவில் போலவே இருக்கட்டும். தேர்வில் எது செல்லும் என்பதைத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம்.

நோக்குநிலையை, அதாவது கதையை யார் கண்ணால் சொல்வது என்பதை, ஆறாம் வகுப்பில் தொடவே வேண்டாம். எட்டில், நரி வடையோடு குகைக்குத் திரும்பி அன்றைக்கு நடந்ததைத் தன் குட்டிகளுக்குச் சொல்வதாக எழுதச் சொன்னால் தன்மையில் கதை சொல்வது என்னவென்று புரிந்துவிடும். நரி நிச்சயம் கொஞ்சம் பீற்றிக்கொள்ளும். அந்தப் பீற்றலை எழுதுவதில் பிள்ளைகளுக்கு அலாதி ஆனந்தம்.

இப்போது நீதி. உங்கள் நாற்பது கதைகளும் ஒன்றுபோல் இருப்பதற்குப் பெரிய காரணம் இதுதான். கடைசி வரியை முதலிலேயே முடிவு செய்துவிட்டு அதை நிரூபிக்க ஆட்களைத் தேடுகிறார்கள். அதனால்தான் ஒரு நல்லவனும் ஒரு கெட்டவனும். இதை உடைக்கவும் காக்கைக் கதையே உதவும். நீதி என்ன என்று கேளுங்கள். திருடக் கூடாது என்பார்கள், புகழ்ச்சிக்கு மயங்கக் கூடாது என்பார்கள். சரி, நரிக்கு என்ன தண்டனை கிடைத்தது? வகுப்பு ஒரு நிமிடம் திகைக்கும். ஏமாற்றியவனுக்கு வடை கிடைத்திருக்கிறது! வடையைக் காலில் வைத்துக்கொண்டு பாடிய கெட்டிக்காரக் காக்கையின் கதையையும் யாராவது உடனே நினைவுபடுத்துவார்கள். ஒரே கதைக்கு ஒன்றோடொன்று சண்டைபோடும் நீதிகள் இருக்கலாம் என்பது தெரிந்ததும், மையக்கருத்தை வாக்கியமாக எழுதாமல் கேள்வியாக எழுதச் சொல்லுங்கள். “திருடியவனிடமிருந்து பறித்தால் அது திருட்டா?” என்று ஒரு பையன் எழுதினால், அவன் கதை அந்த நாற்பதிலிருந்து பிரிந்து வந்துவிட்டது என்று பொருள்.

இவை எல்லாவற்றையும் எழுத்தில் தொடங்க வேண்டாம். எழுத்துப்பிழை பயத்தில் நான்கு வரிக்கு மேல் போகாத பிள்ளைகள் வாயால் சொல்லச் சொன்னால் பின்னியெடுப்பார்கள். இருவர் இருவராக உட்காரவைத்து, ஒருவர் கதை சொல்ல மற்றவர் கேட்கட்டும். கேட்பவருக்கு இரண்டு கேள்விகளுக்கு மட்டும் அனுமதி: “ஏன்?”, “அப்போது அவனுக்கு எப்படி இருந்தது?” நாற்பது நிமிடப் பாடவேளையில் இரண்டு பேரும் சொல்லி முடிக்கலாம். சத்தம் இருக்கும், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மறுநாள் எழுதும்போது அந்த இரண்டு கேள்விகளுக்கான பதில் கதைக்குள் போய் உட்கார்ந்திருக்கும். வீட்டில் தாத்தா, பாட்டியிடம் ஒரு கதை கேட்டு வந்து சொல்வதும் நல்ல தொடக்கம். எழுத்தாளர் கி. ராஜநாராயணன் கரிசல் காட்டு ஊர்களில் இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தார் என்று சொன்னால் பிள்ளைகளுக்கும் அது பெரிய காரியமாகத் தெரியும்.

திருத்தும்போது ஒரு கதைக்கு ஒரே ஒரு குறிப்புதான். ஆசை தெரியவில்லையா, அதை மட்டும் எழுதுங்கள். ஒற்றுப்பிழையை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். ஐந்து கூறுகளுக்கும் தலா இரண்டு மதிப்பெண் என்று பிரித்துக் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்படிக் கொடுத்தால் அடுத்த கதையில் ஐந்தும் வரிசையாக வந்து நிற்கும், கதை இருக்காது. நன்றாக வந்தவற்றை அரசுப் பள்ளி மாணவர்களுக்கான ‘தேன்சிட்டு’ இதழுக்கு அனுப்பலாம், இல்லையென்றால் வகுப்புச் சுவரில் ஒட்டலாம்.

தேர்வில் ‘குறிப்புகளைக் கொண்டு கதை எழுதுக’ என்றுதானே வரும் என்ற கவலை உங்களுக்கு இருக்கும். ‘விறகுவெட்டி – ஆறு – கோடரி – தேவதை – பரிசு’ என்று கொடுப்பார்கள். அதற்கும் இதே வழிதான். விறகுவெட்டிக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்கட்டும். பிறகு ஒவ்வொரு குறுங்கோட்டின் மேலும் பென்சிலால் ‘ஆனால்’ அல்லது ‘அதனால்’ என்று எழுதிக்கொள்ளட்டும். கேள்வித்தாளிலேயே செய்யலாம், இரண்டு நிமிடம்கூட ஆகாது. கடைசியில் நீதி என்று ஒரு வரி எழுதச் சொல்லியிருந்தால் எழுதிவிடட்டும், அதற்கும் மதிப்பெண் உண்டு. வகுப்பு நோட்டில் அந்த வரி வேண்டாம்.